திறவுகோல் இல்லாப் பேழைகள்

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில் நம் மாவட்டத்தில் பெய்த பெருமழையை எவரும் மறந்திருக்க இயலாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை கடந்தது, ஊர்கள் தீவுகளாயின. பயிரும் கால்நடையும் வீட்டுப் பொருளும் அழிந்தமை பற்றி நாளிதழ்கள் நிரம்ப எழுதின. அலமாரிகளின் அடித்தட்டில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்த கையெழுத்துப் படிகள் நீரில் ஊறிக் கூழாகிப் போனமை பற்றிப் பேசியவர் சிலரே.

அவ்வாறு கூழானவற்றுள் ஒன்றை யாம் அறிவோம். அஃது ஓர் அரபுத்தமிழ் மாலைப்பாட்டு. பெண்கள் வீடுகளில் ஓதி வந்தது, அச்சேறாதது. 2003ஆம் ஆண்டு எம்.ஃபில். ஆய்வின் பொருட்டுக் காயல்பட்டினத்து ஆலிம் பெருமகனார் ஒருவரின் இல்லத்தில் அமர்ந்து, அவர் ஓத ஓத யாம் அதனைத் தமிழ் எழுத்தில் படியெடுத்தோம். அரபுச் சொற்கள் வரும் இடங்களில் தமிழ் எழுத்தின் மேலும் கீழும் புள்ளியும் கோடும் இட்டு ஒலி வேறுபாட்டைக் குறித்துக்கொண்டோம். குறிக்க மறந்தபோதெல்லாம் அப்பெரியவர் நிறுத்திவிடுவார். "இந்தக் காஃபுக்கும் அந்தக் காஃபுக்கும் வேறுபாடு போட்டுக்கொள்ளுங்கள் பிள்ளை. போடாவிட்டால் கல்பு நாயாகிவிடும்" என்பார். அரபியில் ஒரு காஃப் இட்டு எழுதினால் 'கல்ப்' என்பது நெஞ்சம். மற்றொரு காஃப் இட்டால் நாய். தமிழில் இரண்டும் ஒன்றுபோலவே எழுதப்படும்.

படியெடுத்ததை நகரில் ஒரு கணிப்பொறி அச்சகத்தில் கொடுத்தோம். அவ்வச்சகத்தார் அன்புடையவர்கள். எமக்கென அப்புள்ளி எழுத்துகளையும் தம் எழுத்துருவில் புதிதாக வரைந்து சேர்த்து, 60 பக்கங்களையும் அழகுற அமைத்துத் தந்தனர். செலவும் பக்க அளவும் கருதி, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் நான்கு பக்கங்களை மட்டுமே சேர்த்தோம். எஞ்சியவற்றைக் குறுந்தகடு ஒன்றில் பதித்து வாங்கிக்கொண்டோம். 'குறுந்தகட்டில் இருக்கிறது' என்ற நிம்மதியிலேயே 20 ஆண்டுகள் கழிந்தன. இடையில் அப்பெரியவர் இறையடி சேர்ந்தார். 2023 வெள்ளத்தில் அவர் இல்லத்து மூலப்படியும் எம் வீட்டுக் குறிப்பேடும் ஒரே இரவில் போயின. அதன் பின்னரே குறுந்தகட்டைத் தேடினோம்.

தகடு கீறலின்றி இருந்தது. கோப்பும் சிதையவில்லை. ஆயினும் அதனைப் படிக்க இயலவில்லை. அதனுள் இருந்தது பேஜ்மேக்கர் கோப்பு. ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்டுப் பின்னர் 1994இல் அடோபி நிறுவனத்தின் கைக்கு வந்த மென்பொருள் அது. 2001இல் வந்த ஏழாம் பதிப்பே அதன் கடைசிப் பதிப்பு. தமிழகத்தின் அச்சகங்களும் சிற்றிதழ்களும் மலர்களும் திருமண அழைப்புகளும் பல ஆண்டுகள் அதிலேயே பிறந்தன. பின்னர் வந்த இன்டிசைன் சில காலம் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்து கொடுத்தது. அதற்கும் பின்வந்த பதிப்புகள் அவ்வசதியைக் கைவிட்டன. பழைய கணிப்பொறி ஒன்றைத் தூசு தட்டி வைத்திருந்த ஓர் அச்சகத்தில் கோப்பு ஒருவாறு திறந்தது. திரையில் தோன்றியது தமிழன்று; ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்த குப்பை. எழுத்துருவைத் தகட்டில் வைக்கவில்லை. வரைந்து தந்த அச்சகமோ மூடப்பட்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தன.

இக்குப்பை எவ்வாறு உண்டாயிற்று என்பதை மாணவச் செல்வங்கள் அறிதல் நலம். கணிப்பொறி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்னும் அட்டவணை ஒன்றை மனிதர் வகுத்துத் தருகின்றனர். ஆங்கிலத்துக்கு அத்தகைய பொது அட்டவணை 1963லேயே அமைந்துவிட்டது; அதில் 128 இடங்கள். தமிழுக்கு நெடுங்காலம் பொது அட்டவணை இல்லை. எனவே எழுத்துரு வரைந்தவர்கள் ஒரு குறுக்கு வழி கண்டனர். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் உருவத்தை மட்டும் தமிழெழுத்தாக வரைந்துவிட்டனர். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று நாம் அடித்தால் கணிப்பொறியினுள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி இருக்கும் வரை அது தமிழாகத் தோன்றும். பாமினியை நீக்கினால் வேடம் கலைந்துவிடும். வேறு சில எழுத்துருக்கள் ஆங்கிலம் தொடாத மேல்நிலை எண்களில் தமிழை வைத்தன. நிறுவனத்துக்கு ஓர் அட்டவணை, சில வேளைகளில் தெருவுக்கு ஓர் அட்டவணை என்ற நிலை இருந்தது. யாம் அன்று எழுத்துருவின் வளைவையும் நெளிவையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தோமே தவிர, உள்ளே எந்த எண் பதிகிறது என்று ஒருவரேனும் கேட்டோமில்லை. தமிழ் படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

இங்கே ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். இக்கடற்கரையில் தமிழ் பிறிதோர் எழுத்தில் ஏறியது இது மூன்றாம் முறை.

முதன்முறை 16ஆம் நூற்றாண்டில். முத்துக்குளித்துறையில் போர்ச்சுக்கீசியர் சமயப்பணி தொடங்கிய காலத்தில், 1554ஆம் ஆண்டு லிஸ்பன் மாநகரில் ஒரு சிறு நூல் அச்சாயிற்று. 'கார்த்திலா' என இன்று வழங்கும் அந்நூலின் மொழி தமிழ், எழுத்து ரோமானியம். இந்தியக் கிறித்தவர் மூவர் அதனை ஆக்கித் தந்தனர். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவரும் வரை, அச்சுத் தமிழ் அயல் எழுத்தின் போர்வையிலேயே இருந்தது. நம் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியாற்றி, 1948இல் இந்நகரிலேயே தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவிய தனிநாயக அடிகளார் இவ்வரிய நூலைத் தமிழுலகுக்கு அறிமுகம் செய்தார். நானூறு ஆண்டு கடந்தும் அந்நூலைப் படிக்க முடிந்தது எதனால்? அதில் தமிழ்த்தொடர்களுக்கு மேல் சொல்லுக்குச் சொல்லாகப் போர்ச்சுக்கீசியப் பொருளும் அச்சிடப்பட்டிருந்தது. ரோமானிய எழுத்தோ உலகறிந்த எழுத்து. பூட்டும் திறவுகோலும் ஒரே பெட்டியில் இருந்தன என்க.

இரண்டாம் முறை நம் முன்னோர் செய்தது. அரபுத்தமிழ் என்றும் அர்வி என்றும் வழங்கும் மரபு. அரபு நெடுங்கணக்கில் இல்லாத ட, ண, ள, ழ, ப போன்ற ஒலிகளுக்கு இருக்கும் எழுத்தின் மீதே புள்ளியும் வளைவும் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கைக் கடற்கரை ஊர்கள் எங்கும் அம்மரபு தழைத்தது. காயல்பட்டினத்திற் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் நூல்களை ஓதாத வீடு இப்பகுதியில் குறைவு என்னும் காலம் ஒன்று இருந்தது. தைக்கா சுஐபு ஆலிம் அவர்கள் 1993இல் வெளியிட்ட பெருநூல் இவ்விலக்கியப் பரப்பை உலகுக்கு எடுத்துரைத்தது. அம்மரபின் திறவுகோல் எங்கே இருந்தது? பெட்டியில் இல்லை, பாட்டிமார்களிடம் இருந்தது. மதரஸாவில் குர்ஆன் ஓதக் கற்ற சிறுமிக்கு அதே எழுத்தில் தமிழும் கைவந்தது. அக்கல்வி தளர்ந்தவுடன், தாய்மொழியே ஆயினும், நூல் மூடிக்கொண்டது. இன்று நம் மாணவர் பலரின் வீடுகளில் கொள்ளுப்பாட்டியார் ஓதிய நூல் உறையிட்டு மேலே வைக்கப்பட்டிருக்கிறது. மரியாதைக்குக் குறைவில்லை, படிப்பார்தாம் இல்லை.

மூன்றாம் முறையே எம் தலைமுறை செய்தது. தமிழை ஆங்கில எண்களில் ஏற்றினோம். திறவுகோலைப் பெட்டியிலும் வைக்கவில்லை, பிள்ளைகளுக்கும் கற்பிக்கவில்லை. அச்சகத்தின் கணிப்பொறியில் விட்டுவிட்டு வந்தோம்.

திறவுகோலை எழுத்தோடு சேர்த்துவைக்கும் அருமையை நம் சமுதாயத்துக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. திருக்குர்ஆனின் தொடக்ககாலப் படிகளில் இன்றுள்ளவாறு எழுத்துப் புள்ளிகளும் உயிர்க்குறிகளும் முழுமையாக இல்லை. அரபியைத் தாய்மொழியாகக் கொண்டு, ஓதக் கேட்டே மனனம் செய்தவர்களுக்கு அவை வேண்டியிருக்கவில்லை. அரபியரல்லாதார் பெருந்திரளாக இஸ்லாத்தில் இணைந்தபோது ஓதுவதில் பிழை நேருமோ என்ற கவலை எழுந்தது. உயிர்க்குறிகளை இடத் தொடங்கியவர் அபுல் அஸ்வத் துஅலீ அவர்கள் என்பது மரபு. பின்வந்த அறிஞர்கள் அதனை நிறைவு செய்தனர். மூல வாக்கியத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. நாளை வரும் அறியாத வாசகனும் பிழையின்றி ஓதுதற்கான குறிப்பு மட்டும் எழுத்தோடு சேர்ந்தது. அதனோடு, ஹாபிழ்களின் நெஞ்சங்களில் எண்ணற்ற படிகள் ஊர்தோறும் இருந்தன. ஓரிடத்துப் படி அழிந்தாலும் மறைநூல் அழியாது. ஆவணக் காப்பாளர்கள் இன்று வலியுறுத்தும் இரண்டு நெறிகளும் இவையே என்பதை எண்ணுந்தோறும் வியக்கிறோம்.

இனிக் கோப்பு வடிவங்களுக்கு வருவோம். இவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதில் எமக்கு உறுதியான கருத்து உண்டு.

முதலாவது, எழுத்தின் குறியீடு ஒருங்குறியாகவே இருத்தல் வேண்டும். யூனிகோடு என்பதும் அதுவே. 1991இல் தொடங்கிய அவ்வுலகப் பொது அட்டவணையில் 'த' என்ற எழுத்துக்கு 2980 என்பது எண். சென்னையிலும் சிங்கப்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் அதே எண். எந்த எழுத்துருவை மாற்றினாலும் 'த' 'த'வாகவே இருக்கும். ஒருமுறை இடம் தந்த எழுத்தை ஒருபோதும் நீக்குவதில்லை என்பது அதனை நடத்துவோரின் உறுதிமொழி. தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்னும் இரு குறியீடுகளைத் தரப்படுத்தியது. உலகத் தமிழர் பலர் கலந்து பேசி உருவாக்கிய டிஸ்கி என்பதும் அக்காலத்தது. அவையாவும் அன்றைய தேவைக்கு அரும்பணி ஆற்றின. 2010ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தமிழக அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதற்குத் துணையாகத் தமிழ் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் அறிவித்தது. ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கிய முறை மெய்யெழுத்துக்கு உரிய மதிப்பைத் தரவில்லை என்ற இலக்கண ஆசிரியர்களின் குறையில் நியாயம் உண்டு. எமக்கும் அக்குறை உண்டு. ஆயினும் ஊரார் அனைவரும் நடக்கும் பாதை கரடாயினும் அதுவே பாதை.

ஒருங்குறியும் ஒரே நாளில் நிறைவு பெற்றுவிடவில்லை. முத்தும் சங்கும் விற்ற குடும்பங்களின் பழங்கணக்கேடுகளைப் பார்த்தவர்கள், அவற்றில் முந்திரி, காணி, மா என்னும் பின்னங்கள் தனிக்குறிகளாக வருவதை அறிவர். நம் கடலில் 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. கணக்குகள் மட்டும் பரண்களில் தங்கின. அக்குறிகளுக்கு ஒருங்குறியில் இடம் கிடைத்தது 2019ஆம் ஆண்டிலேதான். பின்னங்களும் அளவை, நாணயம் முதலியவற்றின் குறிகளுமாக 51 குறிகள் அவ்வாண்டு சேர்ந்தன. அதற்கு முன் அக்கணக்கேடுகளைத் தட்டச்சு செய்தவர் யாராயினும் தனி எழுத்துருவையே நாடியிருப்பர். அவர்கள் மீண்டும் தம் கோப்புகளைப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, பக்கத்தின் தோற்றம் காக்கப்பட வேண்டிய இடங்களுக்குப் பி.டி.எஃப். வடிவம் ஏற்றது. 1993இல் ஒரு நிறுவனத்தின் உடைமையாகத் தோன்றிய இது, 2008இல் உலகத் தர நிறுவனத்தின் பொதுத் தரமாயிற்று. அதற்கு முன்பே, 2005இல், ஆவணக் காப்புக்கென்றே பி.டி.எஃப்-ஏ என்னும் கிளைத் தரம் வந்தது. அதன் விதிகள் கண்டிப்பானவை. பயன்படுத்திய எழுத்துரு கோப்பினுள்ளேயே பொதியப்பட வேண்டும். கடவுச்சொல் இட்டுப் பூட்டுதல் கூடாது. வெளியிலுள்ள எதனையும் நம்பி இருத்தல் கூடாது. எம் 60 பக்கங்களையும் எழுத்துரு பொதிந்த பி.டி.எஃப். ஆக எவரேனும் அன்று பதித்துத் தந்திருந்தால், இக்கட்டுரைக்கே தேவை இராது.

ஆயினும் பி.டி.எஃப். என்றதும் அமைதி கொள்ளுதலும் தவறு. பாமினியில் அடித்ததைப் பி.டி.எஃப். ஆக்கினால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். உள்ளே இருப்பது அதே ஜே, கே, பி, ஓ. தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. கண்பார்வை அற்றோர்க்கு வாசித்துக் காட்டும் கருவி அதனை ஆங்கில உளறலாக வாசிக்கும். இது கருதியே 2011இல் வந்த இரண்டாம் பி.டி.எஃப்-ஏ தரத்தில், தோற்றம் மட்டும் காக்கும் நிலை ஒன்றும், எழுத்தெல்லாம் ஒருங்குறியோடு பொருந்தும் நிலை ஒன்றும் தனித்தனியே வகுக்கப்பட்டன. தமிழ் ஆவணத்துக்கு முன்னது போதாது. இதனைச் சோதிக்க நிபுணர் வேண்டா. கோப்பைத் திறந்து 'தமிழ்' என்று தேடுங்கள். அன்றேல் ஒரு பத்தியைப் படியெடுத்து வெறும் உரைக்கோப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் நன்று. இச்சோதனையை எம் துறையின் சில கோப்புகளில் செய்து பார்த்தோம். முடிவை இங்கே எழுதத் துணிவில்லை.

எம் கருத்தில் எல்லாவற்றினும் நெடுநாள் வாழக்கூடியது வெறும் உரைக்கோப்பே. அழகில்லை, தடித்த எழுத்தில்லை, படமில்லை. ஆனால் ஒருங்குறியில் அமைந்த உரைக்கோப்பை எந்த மென்பொருளும் திறக்கும். எனவே பி.டி.எஃப்-ஏ ஒன்றும் உரைக்கோப்பு ஒன்றும் இணையாக இருத்தல் வேண்டும். திருத்தி எழுதும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கு, 2006இல் உலகத் தரம் பெற்ற திறந்த ஆவண வடிவம் போதுமானது. கையெழுத்துப் படிகளுக்கோ ஒளிப்படமே மூலம். அதனை டிஃப் வடிவில் தகவல் குறையாமல் வைத்தல் வேண்டும். ஜேபெக் வடிவம் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் நுண்மை சிறிது சிறிதாகக் குறையும். அரபுத்தமிழில் ஒரு புள்ளியின் இடம் ஓர் எழுத்தையே மாற்றுவது. அங்கே நுண்மை குறைதல் பொருள் குறைதலேயாகும். மேலும், அரபுத்தமிழ் எழுதியோர் அனைவரும் ஒரே வகையாகப் புள்ளியிட்டவர் அல்லர். ஆதலின் தட்டச்சுப் படி எவ்வளவு செம்மையாயினும் ஒளிப்படத்தை விட்டு அதனைத் தனியே பிரித்தல் ஆகாது.

'கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா?' என்று மாணவர் ஒருவர் எம்மிடம் வினவினார். கேள்வி நேர்மையானது. படமெடுத்தல் நன்றே, எடுக்காமல் இருப்பதினும் ஆயிரம் மடங்கு நன்று. ஆனால் அவ்வழி செல்லும் படம் பெரும்பாலும் சுருக்கப்பட்டே சேர்கிறது. கைப்பேசி மாறியதும் படம் மறைகிறது. அது எந்த ஊர், எவர் வீடு, எந்த நூல் என்ற குறிப்பு படத்தோடு செல்வதில்லை. சில திங்கள் கழித்து அக்குழுவில் ஈத் வாழ்த்துகளுக்கும் மணவிழா அழைப்புகளுக்கும் நடுவே அதனைத் தேடி எடுப்பார் யார்?

பெரியவர்களின் தடை வேறு. 'தாள் போதும், நூறாண்டு நின்ற தாளை விட்டு நேற்று வந்த தகட்டை நம்புவதா?' என்கின்றனர். இதில் உண்மை பெரிது. இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டு எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலக்கணக்கேடு இன்றும் படிக்கத்தக்கதாக இருக்கிறது. அதன் 900ஆம் ஆண்டு நினைவாக 1986இல் பி.பி.சி. நிறுவனம் நாட்டு மக்களைக் கொண்டு திரட்டிய புதிய கணக்கேடு லேசர் வட்டுகளில் பதிக்கப்பட்டது. 15 ஆண்டுகளுக்குள் அவ்வட்டினைப் படிக்கும் கருவியே அரிதாகிவிட, ஆய்வாளர் குழு அதனை மீட்க வேண்டியதாயிற்று. எனவே பெரியோரின் ஐயம் வீண் ஐயமன்று. நல்ல தாளில் ஓர் அச்சுப்படி கட்டாயம் இருக்கட்டும். ஆனால் உப்புக்காற்றும் கறையானும் வெள்ளமும் உள்ள ஊரில் ஒரே தாள் ஒரே வீட்டில் இருப்பதன் பயனை 2023இல் கண்டோம். நம் முன்னோரும் ஓலையை அழியாப் பொருள் என்று நம்பியவரல்லர். ஓலை பழுதாகுமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினர். பெயர்த்தெழுத ஆள் இல்லாத நூல்களே மறைந்தன.

கணிப்பொறிக் கோப்பும் அத்தகையதே. இன்று யாம் பரிந்துரைக்கும் வடிவமும் ஒருநாள் பழமையடையும். கொற்கையின் கதை நமக்குத் தெரியும். சங்கப் புலவர்கள் முத்துக்குப் பேர்போனதாகப் பாடிய பாண்டியர் துறைமுகம், தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடலை இழந்து உள்நாட்டுச் சிற்றூராயிற்று. வணிகர் காயலுக்குப் பெயர்ந்தனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அரபுக் குதிரைகள் வந்திறங்கக் கண்ட காயலும் பின்னர்த் தூர்ந்தது. இன்று அது பழையகாயல். கால்டுவெல் பாதிரியார் அவ்விடங்களை ஆராய்ந்து இக்கதையை நிறுவினார். வணிகம் புன்னைக்காயல், காயல்பட்டினம், தூத்துக்குடி என நகர்ந்துகொண்டே இருந்தது. தூர்வதைக் கண்டு சரக்கை அடுத்த துறைக்கு ஏற்றியவர்கள் பிழைத்தனர். மதுரைத் திட்டத்தார் செய்ததும் இதுவே. சுவிட்சர்லாந்தில் வாழும் கலியாணசுந்தரம் அவர்களின் தலைமையில் 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய அத்தன்னார்வக் குழுவினர், தமிழ் நூல்களை முதலில் டிஸ்கி வடிவில் வைத்திருந்தனர். ஒருங்குறி நிலைபெற்றதும் தம் திரட்டினை ஒருங்குறிக்குப் பெயர்த்தனர். எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை இன்று நம் மாணவர் கைப்பேசியில் சொல் தேடிப் படிக்க முடிவது, எவரோ ஊதியமின்றிச் செய்த அப்பெயர்ப்பின் பயன். பேழை திறந்திருந்ததால் பெயர்க்க முடிந்தது. டிஸ்கியின் அட்டவணையை அதனை வகுத்தோர் மறைக்கவில்லை, ஊரறிய வெளியிட்டிருந்தனர். எம் அச்சகத்தாரின் அட்டவணை அவர்களோடு போயிற்று.

ஆகவே இம்மலரின் வாயிலாக யாம் முன்வைக்கும் வேண்டுகோள் நம் துறைக்கும் ஜமாஅத்துகளுக்கும் உரியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் எம்.ஃபில். பட்டத்தை நீக்கிவிட்டன. துறை அலமாரியில் உள்ள ஆய்வேடுகளின் எண்ணிக்கை இனிப் பெருகப்போவதில்லை. அவற்றுள் கள ஆய்வில் திரட்டிய தாலாட்டுகளும் மீனவர் சொற்களும் பிறிதெங்கும் அச்சாகாதவை. அவற்றின் கோப்புகள் எவரிடம் உள்ளன என்று கேட்டுப் பெறுதல் வேண்டும். பாமினி, டாப், டாம், டிஸ்கி போன்றவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. ஒரு வகுப்பு மாணவர் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய பணி இது. பள்ளிவாசல்களின் நிக்காஹ் பதிவேடுகளும் வக்ஃபு ஆவணங்களும் இன்று கணிப்பொறிக்கு ஏறுகின்றன. மகிழ்ச்சி. ஏற்றித் தரும் நிறுவனத்தாரிடம் ஜமாஅத்தார் ஒன்றைக் கேட்டுப் பெற வேண்டும்: 'உங்கள் மென்பொருள் இல்லாமலே எங்கள் ஆவணத்தை நாங்கள் படிக்க முடியுமா?' முடியாதெனில் அந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டா. படிகள் மூன்று இருக்கட்டும். அவற்றுள் ஒன்று தாமிரபரணி வெள்ளம் எட்டாத ஊரில் இருக்கட்டும். செலவைப் பற்றிக் கேட்போர்க்கு, கடந்த ஆண்டு விழாவின் அலங்கார வளைவுக்கு ஆன தொகையில் இது முடிந்துவிடும் என்பதே விடை.

எம் 60 பக்கங்கள் என்னவாயின என்று கேட்பீர்கள். ஆய்வேட்டில் அச்சான நான்கு பக்கங்கள் எமக்குத் திறவுகோலாக உதவின. அச்சுப் பக்கத்தையும் திரையில் தோன்றிய குப்பையையும் அருகருகே வைத்து, இவ்வெழுத்துக்கு இக்குறி என்று ஓர் அட்டவணையை மாணவர் இருவர் துணையோடு ஒவ்வொன்றாக வகுத்தோம். ஐந்து திங்கள் ஆயின. தமிழ்ப் பகுதி ஏறக்குறைய முழுமையாக மீண்டுவிட்டது. அப்பெரியவர் சொல்லச் சொல்ல யாம் இட்ட புள்ளி எழுத்துகளுள் நான்கு, அச்சான பக்கங்களில் ஓரிடத்தும் வரவில்லை. அவை எந்த அரபு ஒலிக்குரியவை என்பதை அட்டவணை சொல்லாது. பல இடங்களில் பொருளை வைத்து உய்த்துணர்ந்தோம். எவ்வாறு நோக்கினும் இரு பொருள் தரும் இடங்கள் 11 எஞ்சின. அவற்றை ஊகித்து நிரப்பாமல், மீட்ட படியில் வெற்றுக் கட்டங்களாகவே விட்டிருக்கிறோம்.

அம்மாலைப்பாட்டின் வேறொரு படி காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ இலங்கையிலோ எவர் இல்லத்திலேனும் இருத்தல் கூடும். இறைத்தூதர் (ஸல்) அவர்களின் மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களை விளித்துத் தொடங்கும் அப்பாட்டை ஓதக் கேட்ட பாட்டிமார் எவரேனும் இருப்பின், துறைக்குத் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம். நூலைத் தர வேண்டுவதில்லை. அவர்கள் ஓதினால் போதும், யாம் வந்து கேட்டுக்கொள்வோம்.